டியூக் கஹானமோக்கு: நம்ப மறுத்த 55.4 விநாடி

சனிக்கிழமை காலையில் நம்ம பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுக்கும்போது, படிவம் இரண்டு, மூன்று படிக்கிறவங்க என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று: அண்ணே, இன்னும் வேகமா நீந்த என்ன செய்யணும்? புதுக் கண்ணாடி வாங்கணுமா, உடம்பை இன்னும் ஏத்தணுமா என்றும் கேட்பார்கள். அப்போதெல்லாம் நான் ஒரு மனிதரின் கதையைச் சொல்வேன். அவர் இறந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் இன்று நாம் ஃப்ரீஸ்டைலில் கால் அடிக்கும் விதத்தில் அவருடைய பங்கு இருக்கிறது. அவர் பெயர் டியூக் கஹானமோக்கு.

டியூக் என்றால் கோமகன். பலரும் அதை ஒரு பட்டம் என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அது அவருடைய பெயரேதான். 1869ல் எடின்பரோ கோமகன் ஹவாய்க்கு வந்து போனதை நினைத்து அவருடைய அப்பாவுக்கு அந்தப் பெயர் வைத்தார்கள். அப்பாவின் பெயர் மூத்த மகனுக்கும் வந்தது. அப்பா போலீஸ்காரர். மகன் பிறந்தது 1890 ஆகஸ்ட் 24ல், ஹொனலுலுவில். அப்போது ஹவாய் தனி நாடு, அதற்கு ஓர் அரசர் இருந்தார். டியூக்குக்கு எட்டு வயதாகும்போது அமெரிக்கா அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது.

பள்ளிப் படிப்பை அவர் முடிக்கவில்லை. வைக்கிக்கி கடற்கரைதான் அவருக்குப் பள்ளிக்கூடம். காலையில் கடலில் இறங்கினால், கனமான மரப் பலகையில் படுத்துக்கொண்டு, இரண்டு கையாலும் தண்ணீரைத் தள்ளித் தள்ளி அலையைத் தாண்டிப் போவார். பிறகு அதே அலையின் மேல் ஏறி நின்று கரைக்கு வருவார். தோளும் முதுகும் உள்ளங்கையும் தண்ணீரைப் பிடிக்கக் கற்றது அங்கேதான். நேரம் பார்த்துப் பயிற்சி கொடுக்க அவருக்கு யாரும் இல்லை.

1911 ஆகஸ்ட் 11ந்தேதி ஹொனலுலு துறைமுகத்தில் ஒரு போட்டி நடந்தது. குளம் கிடையாது. கப்பல்துறைகளுக்கு நடுவே கடல் தண்ணீரில் நேராக 100 கெஜம் அளந்திருந்தார்கள். டியூக் அதை 55.4 விநாடியில் நீந்தினார். சார்லஸ் டேனியல்ஸ் என்ற அமெரிக்க ஒலிம்பிக் வெற்றியாளரின் சாதனையைவிட அது 4.6 விநாடி குறைவு. நீச்சலில் அரை விநாடி குறைப்பதற்கே வருடக்கணக்கில் உழைக்கிறோம். 4.6 விநாடி என்றால் யோசித்துப் பாருங்க!

அமெரிக்க அமெச்சூர் விளையாட்டுச் சங்கம் அதை நம்பவில்லை. அலாரக் கடிகாரத்தை வைத்து நேரம் பார்த்தீர்களா என்கிற அளவுக்குக் கிண்டல் வந்தது. நீரோட்டம் அவரைத் தள்ளியிருக்கும் என்றும் சொன்னார்கள். எங்கோ ஒரு தீவில், பெயர் தெரியாத ஒரு கடற்கரைப் பையன் இதைச் செய்திருக்க முடியாது என்பதுதான் அந்தச் சந்தேகத்தின் அடியில் இருந்தது என்று நான் நினைக்கிறேன். சாதனை ஏற்கப்படவில்லை.

இந்த இடத்தில்தான் கதையை நிறுத்திப் பிள்ளைகளிடம் கேட்பேன்: நீங்களாக இருந்தால் என்ன செய்வீங்க? பெரும்பாலும் வரும் பதில், கோபத்தில் நீச்சலையே விட்டுவிடுவேன் என்பது. டியூக் விடவில்லை. ஹவாய் மக்கள் பணம் திரட்டி அவரை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். 1912ல், வாழ்க்கையில் முதன்முறையாக, அவர் குளத்துப் பந்தயங்களில் இறங்கினார்.

அங்கே அவருடைய பலவீனம் வெளியே வந்தது. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் வளர்ந்த உடம்பு. நன்னீர் உப்புநீரைப் போல உடம்பைத் தூக்கிப் பிடிக்காது. குளிரில் தசை பிடித்துக்கொண்டது. அதைவிடப் பெரிய சிக்கல், கடலில் சுவர் கிடையாது. சுவரைத் தொட்டுத் திரும்பி உதைத்துக் கிளம்பும் வேலை அவருக்குப் பழக்கமே இல்லை. மேடையிலிருந்து பாயும் முறையும் சரியாகத் தெரியாது. நடுவில் முன்னுக்குப் போவார், திரும்பும் இடத்தில் இழப்பார்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பயிற்றுநர் ஜார்ஜ் கிஸ்ட்லர் அவரைச் சேர்த்துக்கொண்டார். பாய்ச்சலையும் திரும்புவதையும் சொல்லிக் கொடுத்தார். உலகமே நம்பாத வேகத்தில் நீந்திய ஒருவர், அரிச்சுவடி படிக்கும் பிள்ளை மாதிரி சுவரைத் தொட்டுத் திரும்பப் பழகினார். எனக்கு அவர் கதையில் ரொம்பப் பிடித்த பகுதி இதுதான், பதக்கம் வாங்கியது கூட அப்புறம்தான்.

ஏன் இது முக்கியம்? கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. வேகத்தை இரண்டு மடங்காக்கினால் தண்ணீரின் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். அதனால் இன்னும் பலமாக அடிப்பதைவிட, எதிர்ப்பைக் குறைப்பதுதான் முதல் வழி. ஒரு நீச்சல் வீரர் மிக வேகமாக இருப்பது பாய்ந்து தண்ணீருக்குள் போன நொடியிலும், சுவரை உதைத்துக் கிளம்பும் நொடியிலும்தான். அந்த நேரத்தில் கைகளைக் காதோடு ஒட்டி, ஒரு கையின் மேல் மறுகையை வைத்து, உடம்பை அம்பு போல நீட்டினால் வேகம் நிற்கும். தலையைத் தூக்கினால் அங்கேயே போய்விடும்.

இனி அவருடைய காலுக்கு வருவோம். அந்தக் காலத்தில் ஃப்ரீஸ்டைல் நீந்திய பலர் முழங்காலை மடக்கி, கைகள் ஒரு சுற்று முடிப்பதற்குள் இரண்டு உதை மட்டும் உதைத்தார்கள். டியூக்கின் கால்கள் அதே நேரத்தில் ஆறு முறை அடித்தன. அடி இடுப்பிலிருந்து கிளம்பியது, முழங்கால் லேசாகத் தளர்ந்திருந்தது, கணுக்கால் மீன் வால் மாதிரி ஆடியது. அந்த உதைக்கு அவருடைய பெயரையே வைத்து அழைத்தார்கள். ஃப்ரீஸ்டைலில் நம்மை முன்னே இழுப்பது பெரும்பாலும் கைதான். ஆனால் கால் ஓயாமல் அடிக்கும்போது இடுப்பு மூழ்காது, உடம்பு தண்ணீரின் மேல்மட்டத்தில் படகு போல நேராகக் கிடக்கும். கை இழுப்பது வீணாகாது.

1912 ஜூலையில் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக். கடல் கழியில் 100 மீட்டர் நீளத்துக்கு அமைத்த திடலில் போட்டி. அரையிறுதி நேரம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதால் டியூக்கும் மற்ற அமெரிக்க வீரர்களும் வராமல் போய்விட்டார்கள். அவர்களுக்குத் தனியாக ஒரு வாய்ப்புத் தரலாமா என்ற பேச்சு வந்தபோது, தரத்தான் வேண்டும் என்று நின்றவர் ஆஸ்திரேலிய வீரர் செசில் ஹீலி. டியூக் இல்லையென்றால் தங்கம் கிடைக்கக்கூடியவரே அவர்தான். இறுதிப் போட்டியில் டியூக் 63.4 விநாடியில் முதலாவது, ஹீலி இரண்டாவது. ஆறு ஆண்டு கழித்து முதல் உலகப் போரில் ஹீலி உயிரிழந்தார்.

அந்தப் போரால் 1916 ஒலிம்பிக் நடக்கவே இல்லை. ஒரு வீரருக்கு உடம்பு உச்சத்தில் இருக்கும் வயது அப்படியே கடந்து போனது. ஆனாலும் 1920ல் ஆன்ட்வெர்ப்பில் டியூக் மறுபடியும் வந்து நின்றார். இறுதிப் போட்டி நாள் அவருடைய 30வது பிறந்தநாள். 60.4 விநாடி, உலக சாதனை. போட்டியில் இடையூறு நடந்ததாக ஆஸ்திரேலியத் தரப்பு புகார் செய்ய, எல்லாரையும் மீண்டும் நீந்தச் சொன்னார்கள். சில நாட்கள் கழித்து மீண்டும் நீந்தினார், 61.4 விநாடியில் மீண்டும் முதலாவது.

1922ல் ஜானி வைஸ்முல்லர் என்ற இளைஞர் 58.6 விநாடியில் நீந்தி அந்தச் சாதனையை உடைத்தார். பின்னாளில் டார்சானாக நடித்தாரே, அவரேதான். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் வைஸ்முல்லர் 59.0 விநாடியில் தங்கம் வென்றார். டியூக் 61.4 விநாடியில் வெள்ளி, அவருடைய தம்பி சாம் 61.8 விநாடியில் வெண்கலம். தோற்றுவிட்டார் என்று சொல்லலாம். ஆனால் நேரத்தைக் கவனியுங்க. நான்கு ஆண்டுக்கு முன் ஆன்ட்வெர்ப்பில் மறுபடி நீந்தியபோது எடுத்த அதே 61.4. 34 வயதை நெருங்கும்போதும் அவர் உடம்பு அந்த நேரத்தைத் தந்தது.

அவர் வேகத்தின் உண்மையான பலன் அடுத்த ஆண்டு தெரிந்தது. 1925 ஜூன் 14, கலிபோர்னியாவின் கொரோனா டெல் மார் கடற்கரை. தெல்மா என்ற படகு பெரிய அலையில் கவிழ்ந்தது. அதில் இருந்தவர்கள் 17 பேர். டியூக் தன் பலகையை எடுத்துக்கொண்டு அலைக்குள் போனார், ஆட்களைக் கொண்டு வந்து கரையில் விட்டார், மறுபடி போனார். 8 பேரை அவர் ஒருவரே காப்பாற்றினார். 12 பேர் பிழைத்தார்கள், 5 பேர் போய்விட்டார்கள். அங்கே நேரம் பார்க்க யாரும் நிற்கவில்லை. ஆனால் வைக்கிக்கியில் பலகை தள்ளிப் பழகிய கைக்கு அன்றுதான் மிகப் பெரிய வேலை இருந்தது.

பிறகு பல ஆண்டுகள் ஹொனலுலுவின் ஷெரிஃப்பாக இருந்தார். 1968 ஜனவரி 22ல், 77 வயதில் காலமானார். அவருடைய அஸ்தியை வைக்கிக்கி கடலிலேயே கரைத்தார்கள்.

சரி, வேகமா நீந்த என்ன செய்யணும் என்ற கேள்விக்கு வருவோம். இந்த வாரம் மூன்று காரியம் செய்து பாருங்க. ஒன்று, 25 மீட்டரை எத்தனை கைவீச்சில் நீந்துகிறீர்கள் என்று எண்ணுங்கள். அதே நேரத்துக்குள், வீச்சு இரண்டு குறைந்தால் நீங்கள் முன்னேறிவிட்டீர்கள். இரண்டு, கிக்போர்டைப் பிடித்துக்கொண்டு இடுப்பிலிருந்து அடித்து 25 மீட்டர் நான்கு முறை போங்க, நடுவில் மூச்சு வாங்க நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். சைக்கிள் மிதிப்பது போல முழங்கால் மடங்கினால் கணுக்காலைத் தளர்த்துங்கள். மூன்று, பயிற்சி முடிவில் பத்து முறை சுவரை உதைத்து அம்பு போல நீண்டு, கை வீசாமல் எவ்வளவு தூரம் போகிறீர்கள் என்று பாருங்கள். பெரியவர் ஒருவர் குளக்கரையில் இருக்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள்.

மூன்றாவது பயிற்சி ரொம்பச் சலிப்பாக இருக்கும். எனக்கும் தெரியும். 55.4 விநாடி எடுத்த கையோடு டியூக் பழகியதும் அதைத்தான்.