உப்பும் கணக்குச் சொல்லும்

நுழையும்முன்

எண்கள் தேர்வுத் தாளோடு முடிந்துவிடுபவை என்று எண்ணுவோர் பலர். வெள்ளத்திலிருந்து ஊரைக் காக்கவும், பசித்தோரைக் கண்டறிந்து உதவவும் எண்கள் துணைநிற்கும் என்று வாழ்ந்து காட்டினார் ஓர் அறிஞர். அவருடைய வரலாற்றை இப்பாடத்தில் அறிவோம்.

பாடம்

பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1893ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் கொல்கத்தாவில் பிறந்தார். அந்நகரின் பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பயின்றபின், 1913இல் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜில் சேர்ந்தார்.

அங்கே கணிதமேதை இராமானுஜன் அவருக்கு நண்பரானார். இரவில் குளிர் தாங்க முடியவில்லை என்று இராமானுஜன் ஒருநாள் வருந்தினார். கம்பளி போதவில்லையோ என ஐயுற்ற மகலனோபிஸ், படுக்கையறைக்கே சென்று பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் போதிய அளவில் இருந்தன. ஆனால், அவை மெத்தையோடு இறுகச் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே படுக்கும் அந்நாட்டு வழக்கத்தைக் கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன் அறியார். மேலங்கியும் சால்வையும் அணிந்து, மேல்விரிப்பின் கீழ் உறங்கிவந்தார். மகலனோபிஸ் கம்பளியை விலக்கிக் காட்டினார், துன்பம் தீர்ந்தது. நேரில் சென்று பார்க்கும் இப்பண்பு அவர் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது.

தாயகம் திரும்பியபோது, புள்ளியியல் இதழின் தொகுதிகளைக் கப்பலிலேயே படித்தார். பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் கற்பித்துக்கொண்டே அப்புதிய துறையில் ஆழ்ந்தார்.

1922இல் வடவங்கத்தைப் பெருவெள்ளம் தாக்கியது. வெள்ளநீரைத் தேக்கிவைக்க, பெரும்பொருட்செலவில் நீர்த்தேக்கங்கள் கட்டலாம் என்று பொறியாளர் குழு கருதியது. மகலனோபிஸ் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளின் மழை, வெள்ளக் குறிப்புகளைத் தொகுத்து ஆராய்ந்தார். தேக்கங்களால் பயனில்லை, நீர் விரைந்து வடிய வழி செய்வதே தேவை என்று கண்டறிந்தார்.

1926இல் ஒடிசாவில் பிராமணி ஆறு பெருக்கெடுத்தது. ஆற்றின் படுகை உயர்ந்துவிட்டது. ஆகவே கரைகளை உயர்த்த வேண்டும் என்றனர் வல்லுநர். நெடுங்காலக் குறிப்புகளை ஆராய்ந்த மகலனோபிஸ், படுகை உயரவில்லை என்று நிறுவினார். ஆற்றின் மேற்பகுதியில் அணை கட்டுவதே தக்க வழி என்றார். பின்னாளில் மகாநதியின் குறுக்கே எழுந்த ஹிராகுட் அணைத் திட்டத்திற்கு அவருடைய கணக்குகள் பயன்பட்டன. நடைமுறைச் சிக்கலை அளந்தறிந்து, செய்யத்தக்கதைத் தேர்ந்தெடுக்கும் இத்தகைய ஆய்வே செயல்முறை ஆராய்ச்சி எனப்படுகிறது.

1931இல் கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். வங்கத்தில் சணல் எவ்வளவு விளைகிறது என்று அறிய அரசு விரும்பியபோது, எல்லா வயல்களையும் அளக்காமல், சார்பின்றித் தேர்ந்த சில வயல்களை மட்டும் அளக்கும் கூறெடுப்பு முறையைக் கையாண்டார். களப்பணியாளர் தவறினால் என் செய்வது? அதற்கும் வழி கண்டார். ஒரே பகுதியில், ஒருவரையொருவர் சாராத இரு குழுக்கள் தனித்தனியே கூறெடுத்தன. இரண்டன் முடிவுகளையும் ஒப்பிட, பிழை எவ்வளவு என்பது புலப்பட்டது.

1943இல் வங்கத்தைக் கொடும்பஞ்சம் வாட்டியது. பல இலட்சம் மக்கள் மாண்டனர். பஞ்சம் ஓய்ந்தபின் அவருடைய குழுவினர் ஊர் ஊராகச் சென்று குடும்பங்களைக் கண்டனர். நிலத்தையும் உழவு மாடுகளையும் விற்று வறியோரானவர் யாவர், எத்தொழிலாளர் மிகுதியாக நலிந்தனர் என்று வினவிப் பதிந்தனர். மானிடவியல் அறிஞரும் இப்பணியில் பங்கேற்றார். மாண்டோர் தொகையை மட்டும் அறிந்தால், எஞ்சியோருக்கு எவ்வாறு உதவுவது? இக்கேள்வியே அவ்வாய்வின் உயிர்நாடியாகும்.

நாட்டுப் பிரிவினையின்போது தில்லிச் செங்கோட்டையில் திரளான மக்கள் அடைக்கலம் புகுந்தனர். உணவு வழங்கிய ஒப்பந்தக்காரர்கள் மிகுந்த தொகை கேட்டனர். உள்ளே இருப்போரை எண்ணிப் பார்க்க இயலவில்லை. அரசு புள்ளியியலாளரை நாடியது. மகலனோபிஸின் நிறுவனத்தோடு தொடர்புடைய ஜே. எம். சென்குப்தா ஒரு வழி கூறினார். வாங்கிய அரிசி, பருப்பு, உப்பு ஆகியவற்றின் அளவை, ஒருவர் உண்ணும் அளவால் தனித்தனியே வகுக்க வேண்டும். கணக்கு நேர்மையானதாயின், மூன்று விடைகளும் ஒத்திருக்கும். ஆனால் அரிசி மிகுதியான மக்களைக் காட்டியது. உப்போ குறைவான மக்களைக் காட்டியது. விலை மலிந்த உப்பைக் கூட்டி எழுதுவதால் எவருக்கும் ஆதாயமில்லை. ஆகவே உப்பின் கணக்கே நம்பத்தக்கதாயிற்று. எண்ணிக்கை ஓரளவு தெரிந்திருந்த ஹுமாயூன் கல்லறை முகாமில் சோதித்தபோது, இம்முறை சரியென உறுதிப்பட்டது.

விடுதலைக்குப்பின், 1950இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கக் காரணமானார். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தை வகுப்பதில் பெரும்பங்காற்றினார். கனரகத் தொழில்களுக்கு முதன்மை தந்த அத்திட்டம் வேளாண்மையைப் பின்தள்ளியது என்ற குறையும் கூறப்பட்டது. அவருடைய திட்டமும் பிறர் ஆய்வுக்கு உட்பட்டதே.

1972ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள், எழுபத்தொன்பதாம் பிறந்தநாளுக்கு முந்தைய நாளில் அவர் மறைந்தார். அவருடைய பிறந்தநாளைத் தேசியப் புள்ளியியல் நாளாக நாடு கொண்டாடுகிறது. பழைய குறிப்பேடு, வயல் அளவு, வீட்டாரின் சொல், உப்பின் எடை என ஒவ்வொன்றும் உண்மையின் ஒரு பக்கத்தைக் காட்டும். அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்ட பின்னரே முடிவு செய்தல் வேண்டும். ஒரு தவறான முடிவால் துன்புறுவோர் கரையோரத்தில் வாழும் மக்களே அல்லரோ?

சொற்பொருள்

படுகை – ஆற்றின் அடிநிலம்
கூறெடுப்பு – முழுமையை அறியச் சில பகுதிகளைத் தேர்ந்து ஆராய்தல்
அடைக்கலம் – புகலிடம்
வறியோர் – பொருளற்றோர்

பயிற்சி

1. இராமானுஜன் குளிரால் வருந்தியதன் உண்மையான காரணம் யாது?
2. ஒரே பகுதிக்கு இரு குழுக்களை அனுப்பியதன் பயன் என்ன?
3. அரிசியின் கணக்கைவிட உப்பின் கணக்கு நம்பத்தக்கதாக இருந்தது ஏன்?
4. பிரித்து எழுதுக: பெருவெள்ளம், கொடும்பஞ்சம்.
5. உங்கள் குடியிருப்பில் நீர் வீணாவதை அறிய, எவற்றை அளப்பீர்கள்? யாரிடம் வினவுவீர்கள்? ஐந்து தொடர்களில் எழுதுக.