நேவியருக்கு முந்தைய தச்சர்

பையில் ரெண்டு பிளாஸ்டிக் ஸ்கேல் இருக்கா? ஒன்று மேல் ஒன்றாக அடுக்கி, இரு முனையையும் தாங்கி, நடுவில் அழுத்திப் பாருங்க. ரெண்டும் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும், சுலபமா வளையும். இப்போ நல்லா ஒட்டிட்டு அழுத்துங்க. ஒட்டாதபோது ஒற்றை ஸ்கேலை விட 2 மடங்கு விறைப்பு. ஒட்டினால் 8 மடங்கு. அதே பொருள், அதே எடை!

இதை ஃபார்முலா இல்லாமலே புரிந்துகொண்டவர் ஹான்ஸ் உல்ரிச் க்ரூபன்மான். 1709-ல் சுவிட்சர்லாந்தின் டொய்ஃபன் ஊரில், தச்சர் குடும்பத்தில் பிறந்தார். அப்பா தச்சர், அண்ணன்களும் தச்சர்கள். காலேஜ் பக்கமே போகாதவர்.

1754-ல் ஷாஃப்ஹவுசனில் ரைன் நதி மேல் இருந்த கல்பாலம் இடிந்தது. நடுத்தூண் ஒன்று மட்டும் மிச்சம். தூணே தேவையில்லை, சுமார் 119 மீட்டரை ஒரே தாவில் மரத்தாலேயே கடக்கலாம் என்றார் நம்ம ஆள். நகர சபை பயந்துவிட்டது. அந்தத் தூணைப் பயன்படுத்தியே ஆகணும்னு சொல்லிட்டாங்க. அதனால் சுமார் 52, 59 மீட்டரில் இரண்டு கண்கள் வைத்து 1758-ல் முடித்தார். பாலம் உண்மையிலேயே அந்தத் தூண் மேல் உட்கார்ந்திருக்கா, சும்மா தொட்டுக்கிட்டு இருக்கான்னு பார்க்க வந்தவர்கள் ரொம்ப நாள் வாதம் செய்தார்களாம். பீம் வளைவை ஒழுங்கான கணக்காக்கிய நேவியரின் புத்தகம் வந்தது 1826-ல். யோசிச்சுப் பாருங்க!

அடுத்து வெட்டிங்கனில், லிம்மாட் ஆற்றின் மேல் சுமார் 61 மீட்டர் பாலம். அங்கேதான் நம்ம ஸ்கேல் விளையாட்டு. ஓக் கட்டைகளை அடுக்கி, பல் வெட்டி ஒன்றோடொன்று கோர்த்து, போல்ட் போட்டு முறுக்கி ஒரே வளைவாக்கினார். பல் இருக்கிற வரை அடுக்குகள் வழுக்காது. மேலே கூரை, பக்கத்தில் பலகை. மழை பட்டால் மரம் அழுகிடும் இல்லையா?

1783-ல் இறந்தார். 1799 போரில் பிரெஞ்சுப் படைகள் இரண்டு பாலங்களையும் எரித்துவிட்டன. சுமை தாங்காமல் விழுந்ததில்லை, தீயில்தான் போனது. ஊர்னேஷ் ஆற்றின் மேல் 1780-ல் அவர் கட்டிய சின்னப் பாலம் இன்னும் நிற்கிறது.

இப்போ ஐரோப்பாவில் மர உத்தரம் மேல் கான்கிரீட் தளம் போட்டு சாலைப் பாலங்கள் கட்டுறாங்க. மேலே அமுக்கத்தை கான்கிரீட் தாங்கும், கீழே இழுவையை மரம் தாங்கும். ரெண்டும் வழுக்காமல் இருக்க ஸ்க்ரூ போடலாம். இல்லைன்னா மரத்தில் பள்ளம் வெட்டி, அதற்குள் கான்கிரீட் இறங்கிப் பிடிக்க விடலாம். அதுவும் ஒரு பல்தான். அந்தக் கான்கிரீட் தளமே மரத்துக்குக் கூரையும் ஆகிறது.

செமஸ்டருக்கு ஷியர் கனெக்டர் சூத்திரத்தை மனப்பாடம் பண்றதுக்கு முன்னாடி, அந்த ரெண்டு ஸ்கேலை ஒரு தடவை வளைச்சுப் பார்த்துடுங்க. சூத்திரம் எதைச் சொல்ல வருதுன்னு கைக்கே தெரிஞ்சிடும்.