அயோத்திதாசர் தேடிய அறமும் அதன் வேலியும்

1892ஆம் ஆண்டு சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் நீலகிரியின் சார்பாகப் பேச எழுந்தார் அயோத்திதாசப் பண்டிதர். விஷ்ணு, சிவன் கோயில்களுக்குள் பறையர் ஏன் நுழையக் கூடாது என்பது அவர் எழுப்பிய வினா. அம்மக்களுக்கென மதுரைவீரனும் காட்டேரியும் கருப்பண்ணனும் ஏற்கெனவே தரப்பட்டிருப்பதாகத் தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த சிவராம சாஸ்திரி விடையளித்தார். பிச்சையாக இடப்படும் தெய்வம் எதுவும் வேண்டா என்று மறுத்த பண்டிதர், பள்ளிக் கல்வியையும் தரிசு நிலத்தையும் கேட்டார்.

சமூகத்துக்கு மதம் வேண்டுமா, பொது அறம் மட்டும் போதாதா என்ற கேள்வியை அனுப்பர்பாளையத்தின் பாத்திரப் பட்டறைகளிலிருந்தும் பனியன் கம்பெனிகளிலிருந்தும் படித்து மேலேறும் இளைஞர்கள் நம்மிடம் அடிக்கடி எழுப்புகின்றனர். பெரியாரின் ஈரோடு அருகில் இருக்கும்போது மதம் என்ற பேச்சே எதற்கு என்பது அவர்கள் வாதம். அது நியாயமான வாதமே. ஆயினும் பெரியாருக்கு ஒரு தலைமுறை முன்பே இக்கேள்வியோடு வாழ்ந்து முடித்தவர் ஒருவர் இருக்கிறார் என்பதை அவர்கள் அறிய வேண்டும் என்று கருதுகிறோம்.

1845இல் சென்னையில் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமக்குக் கற்பித்த ஆசிரியரின் பெயரையே பின்னாளில் தம் பெயராக ஏற்றார். சித்த மருத்துவம் அவருக்குச் சோறிட்டது. நீலகிரியில் வாழ்ந்த இளமையில் அவர் அத்வைதியாக இருந்தார். அங்கே அத்வைதானந்த சபையையும் தொடங்கினார். எல்லா உயிரும் ஒன்றெனும் தத்துவம் ஏட்டில் இருந்தது. தெருவில் அதற்கு இடமில்லை. 1891இல் திராவிட மகாஜன சபையை நிறுவினார். மறு ஆண்டுதான் நாம் மேலே சொன்ன கூட்டம்.

1898இல் கர்னல் ஆல்காட்டின் துணையோடு இலங்கை சென்று, சுமங்கல மகாநாயகரிடம் பௌத்த தீட்சை பெற்றார். திரும்பியதும் சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் எழுந்தது. 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற வார இதழ் தொடங்கியது. பின்னர் அது ‘தமிழன்’ ஆயிற்று. சாகும்வரை அதை அவரே நடத்தினார்.

அவர் கட்டிய பௌத்தத்தில் வரம் தரும் கடவுள் இல்லை. புத்தர் மனிதர், ஆசிரியர். பொய், களவு, கொலை, காமம், கள் ஆகிய ஐந்தையும் விலக்கும் பஞ்சசீலமே அதன் நடுத்தூண். திருக்குறளையும் ஔவையின் நீதி நூல்களையும் பௌத்த அறநூல்களாகவே படித்தார். தீபாவளியை எள்ளெண்ணெய் கண்டறியப்பட்ட நாளாகவும் கார்த்திகையை ஆமணக்கெண்ணெயோடு தொடர்புடைய நாளாகவும் விளக்கினார். வரலாற்றாசிரியர்கள் இவ்விளக்கங்களை எளிதில் ஏற்கமாட்டார்கள். நாமும் அவற்றை வரலாறாகக் கொள்ளவில்லை. ஆனால் அவர் செய்ததன் பொருள் வேறு. திருமணத்திலும் சாவிலும் பண்டிகையிலும் மனிதர் கூடியே தீர்வர். அக்கூட்டத்தில் எவரையும் தாழ்த்தாத ஒழுங்கு வேண்டும். ஏட்டில் எழுதிய அறம் மட்டும் அதற்குப் போதாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். சுயமரியாதைத் திருமணம் பின்னர் இதே இடைவெளியை மதமின்றி நிரப்பியது.

அந்த அறத்துக்கு ஒரு வேலியும் இருந்தது. பறையர் பூர்வ பௌத்தர், சதியால் வீழ்த்தப்பட்டவர் என்று நிறுவ முயன்ற அவர், பஞ்சமர் என்ற பொதுப்பெயரைக் கடுமையாக எதிர்த்தார். தோட்டிகளோடும் சக்கிலியரோடும் தம் மக்களை ஒரே பட்டியலில் சேர்த்ததே அவ்வெதிர்ப்புக்கு ஒரு காரணம். கொங்கு நாட்டில் இருந்துகொண்டு இதைக் கடந்துபோக நம்மால் இயலாது. இங்கே தலித் மக்களுள் பெரும்பகுதியினர் அருந்ததியர். சாஸ்திரி பிச்சையாக நீட்டிய மதுரைவீரன், அவர்கள் தங்கள் குலத்து வீரனாகக் கொண்டாடும் தெய்வம். பழம்பெருமை உடையவருக்கே மாண்பு உண்டென்றால், பெருமை பேச ஏடு இல்லாதவர் எங்கே போவது? சமத்துவத்துக்கு வம்சாவளி கேட்கும் அறம் பாதி வழியில் நின்றுவிட்ட அறம் என்றே நாம் மதிப்பிடுகிறோம்.

2018இல் இங்கிருந்து சிறிது தொலைவில், அவிநாசி வட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில், தலித் பெண் சமைத்த சத்துணவைத் தம் பிள்ளைகள் உண்ணக் கூடாதென்று சாதி இந்துக்கள் எதிர்த்தனர். அவரை இடமாற்றம் செய்தது நிர்வாகம். போராட்டத்துக்குப் பிறகே அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989 முதல் இருக்கிறது. எதிர்த்தவர்களுக்கு மதமும் இருந்தது, ஊர்க்கட்டுப்பாடு என்ற பொது ஒழுங்கும் இருந்தது. ஆகவே மதமா, பொது ஒழுக்கமா என்பதைவிட, அந்த ஒழுக்கத்தை எழுதியவர் யார், அதற்கு வெளியே நிறுத்தப்பட்டவர் யார் என்ற கேள்வியே நமக்கு முந்தியது. பண்டிதர் முதல் பாதியைக் கேட்டார்.

1914 மே மாதம் அவர் மறைந்தார். கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர்கள் அவருடைய சங்கத்தையும் நூல்களையும் காத்தனர். அவருடன் இயங்கிய பேராசிரியர் இலட்சுமி நரசு 1907இல் எழுதிய பௌத்த நூலை 1948இல் அம்பேத்கர் தம் முன்னுரையோடு மறுபதிப்புச் செய்தார். எட்டு ஆண்டுகள் கழித்து நாக்பூரில் அம்பேத்கர் பௌத்தம் தழுவியபோது, தம்மைப் பின்பற்றியோருக்கு 22 உறுதிமொழிகளை அளித்தார். மனிதர் அனைவரும் சமம் என்பது அவற்றுள் ஒன்று. அதைச் சொல்வதற்கு எவருடைய பூர்வீகத்தையும் அவர் கேட்கவில்லை.