ஆண்டர்சனும் அவர்தம் நெம்புகோல் துப்பாக்கியும்

நம் வட்டாரத்துத் தென்பெண்ணை, ஓசூரையும் கிருஷ்ணகிரியையும் தொட்டு வருவது. அதன் மேல்பாதிப் பாதைக்குத் தெற்கே, பழைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் காடுகள் உள்ளன. அவற்றை ஆங்கில நூல்களின் வழி உலகறியச் செய்தவர் கென்னத் ஆண்டர்சன்.

1910ஆம் ஆண்டு, செக்கந்தராபாத்தை அடுத்த பொலாரத்தில், பல தலைமுறையாக இந்தியாவில் வாழ்ந்த ஸ்காட்லாந்துக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். கல்வி பெங்களூரில், பணி அவ்வூர் விமானத் தொழிற்சாலையில், விடுமுறை வாய்த்தால் காட்டில். தமிழும் கன்னடமும் பேசினார். சின்னாற்றங்கரைப் பூசாரி பைராவே அவருக்குக் காடு கற்பித்த ஆசான்.

அவர் கையிலிருந்தது 1895ஆம் ஆண்டு மாதிரி வின்செஸ்டர். குழல் அளவு 405. ஜிம் கார்பெட் குமாவுன் மலைகளில் ஆண்ட துப்பாக்கிகள் வேறு. ஆண்டர்சனின் களமோ மூங்கிலும் முட்புதரும் மண்டியது. அங்கே விலங்கு தென்படுவது சில கஜத் தொலைவில், சில நொடிகளே. தொலைவு எட்டும் திறனைவிட, இரண்டாம் குண்டு எத்துணை விரைவில் எழும் என்பதே அங்கு உயிரைக் காப்பது. தாழ்ப்பாள் போல் இழுத்துத் தள்ளும் துப்பாக்கியில், விசையை விட்டுக் கையை எடுத்தாக வேண்டும். நெம்புகோலுக்கோ விசையைச் சூழ்ந்த வளையத்தைக் கீழே தள்ளி மீட்டால் போதும். துப்பாக்கி தோளை விட்டு அகலாது. இரட்டைக்குழலும் விரைவானதே, ஆயினும் இரு வெடியோடு ஓயும், விலையும் மிகுதி.

பழைய நெம்புகோல் துப்பாக்கிகளில் தோட்டாக்கள் குழலின் அடியிலுள்ள நீண்ட குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கும். கூர்முனைக் குண்டாயின் முன்னுள்ள தோட்டாவின் அடியை இடித்து வெடிக்கக்கூடும். ஜான் பிரௌனிங் இம்மாதிரியில் குழாயை நீக்கி, தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் பெட்டியை அமைத்தார்; வலிய தோட்டாக்களுக்கும் வழி பிறந்தது. 1904இல் வந்த 405 தோட்டாவின் குண்டு 300 கிரெயின், ஏறத்தாழ 19 கிராம். அமெரிக்கக் குடியரசுத் தலைவராயிருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் ஆப்பிரிக்க வேட்டைக்கு இதனையே கொண்டு சென்றார். சிங்கம், புலிக்கு ஏற்றது. யானையின் மண்டையோட்டுக்குப் போதாது என்போர் உண்டு. ஆயினும் பென்னாகரத்துப் பக்கம் மதம்பிடித்த யானையையும் ஆண்டர்சன் எதிர்கொண்டார். இரவில் பரண்மீது அமரும்போது கைவிளக்கொன்றைக் குழலில் பொருத்திக்கொள்வது அவர் வழக்கம்.

அவர்தம் வேட்டைகளுள் என் நெஞ்சில் தைத்தது ஜவளகிரிப் பெண்புலியின் முடிவே. துணையை இழந்து ஆட்கொல்லியானது அது. ஆண்டர்சன் ஆண்புலியின் குரலை நடித்து அதனை அழைத்தார்; நாடி வந்தபோது மிக அருகில் சுட்டார். தலைவன் குறியென்று பிறிதோர் ஒலியைக் கேட்டு வந்து ஏமாறும் தலைவியை அகப்பாடலில் அறிவோம். அங்கே உயிர் போவதில்லை. துப்பாக்கியின் விரைவு இங்குப் பின்னர்தான் வந்தது. முன்னர்க் கொன்றது குரல். அவ்வெற்றியை அவர் பெருமையாக எழுதவில்லை. காதலைக் காட்டி வஞ்சித்த குறையுணர்வோடு எழுதினார். வேட்டை இலக்கியத்தில் அரிய நேர்மை இது.

1954 முதல் நூல்கள் வெளிவந்தன. காலம் செல்லச் செல்லச் சுடுவதைவிடப் படம் பிடிப்பதில் அவர் மனம் சென்றது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1974இல் பெங்களூரில் அவர் மறைந்தார். அவர் நடந்த காடுகளில் ஒரு பகுதி 2014இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்துள் அடங்கியது.