கல்மரம் கண்ட அறிஞர்

போச்சம்பள்ளியைச் சூழ்ந்துள்ள கருங்கல் குன்றுகளை எத்துணை ஆழம் அகழ்ந்தாலும் ஓர் இலையின் தடமோ எலும்பின் துணுக்கோ கிடைப்பதில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் இத்தொன்மைப் பாறைகள் நிலத்தின் அடியில் கடும் வெப்பத்தில் உருவானவை. மரங்களும் விலங்குகளும் உலகில் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே இறுகியவை. தமிழ்நாட்டின் கிழக்கே நிலைமை வேறு. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் நெடிய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் மணலில் புதையுண்ட அம்மரங்களுள் நீரில் கரைந்த சிலிக்கா ஊறிப் படிந்தது. மரம் கல்லாயிற்று, அதன் நுண்ணிய இழையமைப்போ அழியாது நின்றது. இத்தகைய கல்மரங்களைப் படிக்கும் கலையை இந்தியாவில் வேரூன்றச் செய்தவர் பீர்பால் சகானி. இந்தியத் தொல்தாவரவியலின் தந்தை என அவர் போற்றப்படுகிறார்.

சகானி 1891ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள், இன்று பாகிஸ்தானில் உள்ள பேரா என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ருசிராம் சகானி லாகூர் அரசுக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். லாகூரில் பயின்ற பீர்பால் 1911இல் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்குத் தொல்தாவர அறிஞர் சீவர்டு அவருக்கு ஆசானாக வாய்த்தார். சகானி முதலில் ஆராய்ந்தவை உயிருள்ள தாவரங்களையே. வாழும் செடியின் உள்ளமைப்பை அறியாதவர் கல்லான செடியை அடையாளம் காண இயலாது என்பதை அப்பயிற்சி அவருக்கு உணர்த்தியது. நாடு திரும்பிய அவர் 1921இல் லக்னோ பல்கலைக்கழகத் தாவரவியல் துறைக்குத் தலைமையேற்றார்.

அக்காலத்தில் உயிரியலாளர் முன் ஒரு பெரும் வினா நின்றது. ஓர் உயிரினக் குழுவிலிருந்து மற்றொன்று படிப்படியாகத் தோன்றியிருப்பின், இரண்டிற்கும் இடைப்பட்ட வடிவங்கள் எங்கே? டார்வினின் நூல் வெளிவந்த இரண்டு ஆண்டுகளுக்குள், 1861இல், ஜெர்மனியில் ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்னும் புதைபடிவம் கிடைத்தது. பறவையைப் போன்ற இறகுகளும் ஊர்வனவற்றைப் போன்ற பற்களும் எலும்புகளாலான நீண்ட வாலும் அதில் ஒருங்கே அமைந்திருந்தன. விலங்குலகிற்கு இவ்வாறு ஒரு சான்று கிட்டியது. ஆனால், பூக்கும் தாவரங்களின் தோற்றம் டார்வினுக்கே விளங்காப் புதிராக இருந்தது. பழம்பாறைகளில் காணப்படாத அவை, பிந்திய பாறைகளில் திடீரெனப் பெருகிக் காணப்பட்டன.

இப்புதிருக்கு விடைதேடிய சகானியின் பார்வை, இன்றைய ஜார்க்கண்டிலுள்ள ராஜ்மகால் குன்றுகளின்மேல் படிந்தது. அங்குள்ள எரிமலைப் பாறை அடுக்குகளின் இடையே 10 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட தாவரங்கள் கல்லாகியிருந்தன. அக்கற்களை மெல்லிய சீவல்களாக அறுத்து, ஒளி ஊடுருவும் வரை தேய்த்து, நுண்ணோக்கியில் வைத்து அவர் ஆராய்ந்தார். அவ்வாறு கண்ட ஒரு கட்டைக்கு 1932இல் ஹோமாக்சிலான் எனப் பெயரிட்டார். பூக்கும் தாவரங்கள் பெரும்பாலானவற்றில் நீரைக் கடத்தும் சைலக்குழாய்கள் உண்டு; இக்கட்டையில் அவை இல்லை. எனினும், சைலக்குழாய் இல்லாத சில பூக்கும் மரங்கள் இன்றும் வாழ்கின்றன. அவற்றின் கட்டையோடு இக்கட்டை பெரிதும் ஒத்திருந்ததால், இது பழமையான பூக்கும் தாவரமாகலாம் என அவர் கருதினார்.

அம்முடிவு நிலைக்கவில்லை. பென்னட்டிடேல்ஸ் என்னும் அழிந்துபோன திறந்தவிதைத் தாவரக் குழுவின் கட்டையோடு அது நெருங்கியது எனப் பின்வந்த ஆய்வாளர் காட்டினர். ஆயினும் சகானி கண்ட ஒற்றுமை பொய்யன்று. பூக்கும் தாவரத்திற்கே உரியது எனத் தோன்றும் ஒரு பண்பு, பூக்காத தாவரத்திலும் இருக்கக்கூடும் என்பதே அதனால் விளங்கியது. அக்கட்டை பின்னர்ச் சகானியாக்சிலான் என அவர் பெயராலேயே அழைக்கப்பட்டது.

ராஜ்மகால் பகுதியின் நிபானியா என்னும் சிற்றூர் இதனினும் வியப்பான ஒன்றை அளித்தது. தனித்தனியே கிடைத்த தண்டு, இலை, விதைக்கூம்பு ஆகியவற்றை இணைத்து, பென்டாக்சிலேயே என்னும் புதிய தாவரக் குழுவைச் சகானி 1948இல் உலகிற்கு அறிவித்தார். தண்டினுள் பெரும்பாலும் ஐந்து கட்டைப் பகுதிகள் இருந்தமையால் இப்பெயர் அமைந்தது. கட்டை ஊசியிலை மரங்களை ஒத்தது. இலை சைகஸ் இனத்தை நினைவூட்டியது. விதைக்கூம்போ அறிந்த எக்குழுவோடும் முற்றிலும் பொருந்தவில்லை.

இடைநிலைப் புதைபடிவம் என்பது தாய்க்கும் மகளுக்கும் நடுவில் நிற்கும் ஒருத்தியைப் போன்றதன்று. அது நேர்முன்னோராக இல்லாது, கிளைவழி உறவாகவும் இருக்கலாம். ஓர் உயிரியின் எல்லா உறுப்புகளும் ஒரே வேளையில் மாறுவதில்லை. ஒன்று பழமையைப் பேணும்போதே மற்றொன்று புதுமையை ஏற்கிறது. ஆர்க்கியாப்டெரிக்ஸின் பற்களும் இறகுகளும் உணர்த்துவது இதுவே. பல குழுக்களின் பண்புகள் கலந்த நிபானியாச் செடியோ, இன்றுள்ள குழுக்களின் எல்லைகள் என்றும் நிலையாக இருந்தவையல்ல எனக் காட்டுகிறது.

சகானி 1936இல் லண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினரானார். 1940இல் சென்னையில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். தொல்தாவரவியலுக்கெனத் தனி நிறுவனம் அமைப்பது அவருடைய நெடுநாள் வேட்கை. அதற்கெனத் தம் நூலகத்தையும் புதைபடிவத் தொகுப்பையும் உடைமைகளையும் அவரும் துணைவியார் சாவித்திரியும் வழங்கினர். கட்டடத்திற்கான அடிக்கல்லில் புதைபடிவங்களையே பதித்தார் சகானி. 1949 ஏப்ரல் 3ஆம் நாள் பிரதமர் நேரு அக்கல்லை நாட்டினார். ஒரு வாரம் முடிவதற்குள் மாரடைப்பால் சகானி மறைந்தார்.

பணி நிற்கவில்லை. சாவித்திரி அம்மையார் பொறுப்பேற்று நடத்த, 1953இல் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. லக்னோவில் சகானியின் பெயர் தாங்கிய அந்நிறுவனத்தில், அவர் பெயரிட்ட தாவரங்களும் அவர் எட்டிய முடிவுகளும் புதிய சான்றுகளோடு வைத்து இன்றும் ஆராயப்படுகின்றன.