காமராஜரின் கடைசி மதியம்: ஏசி அறையில் ஏன் வியர்த்தது?

1975 அக்டோபர் 2, வியாழக்கிழமை. சென்னை தியாகராய நகர், திருமலைப் பிள்ளை சாலை வாடகை வீட்டில் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு, வழக்கம்போல சற்று படுக்கப் போனார் காமராஜர். வயது 72. அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. தூங்கி எழுந்தவருக்கு உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியது. உதவியாளர் வைரவனைக் கூப்பிட்டு டாக்டருக்குப் போன் செய்யச் சொன்னார். போகும்போது விளக்கை அணைத்துவிட்டுப் போகும்படியும் சொன்னார். டாக்டர் வந்து பார்த்தபோது உயிர் இல்லை. மாரடைப்பு.

விளக்கை அணைக்கச் சொன்ன அந்தப் பகுதி தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரியும். மேடையில் அவரைப் பற்றிப் பேசுபவர்கள் அதைச் சொல்லாமல் இறங்குவதில்லை. ஆனா இதே கதையை ஒரு இதயநோய் மருத்துவரிடம் சொல்லிப் பாருங்க. அவர் காதில் முதலில் விழும் வார்த்தை விளக்கு இல்லை, வியர்வை. ஏசி ஓடும் அறையில், வேலை எதுவும் செய்யாமல் படுத்திருந்தவருக்குக் குப்பென்று வியர்த்தது என்றால், இதயத்துக்கு ரத்தம் போவது தடைப்பட்டிருக்கலாம் என்பதுதான் அவர் மனதில் ஓடும் முதல் சந்தேகம்.

சரி, 50 வருஷத்துக்கு முன் நடந்த இதுக்கும், வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் படப்பையில் நின்று கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் 28 வயசுப் பையனுக்கும் என்ன சம்பந்தம்? நிறைய இருக்கு. முதலில் காமராஜரின் கதையைப் பார்த்துவிடலாம்.

விருதுபட்டி டு கோட்டை

1903 ஜூலை 15-ல் விருதுபட்டியில், இன்றைய விருதுநகரில், குமாரசாமி - சிவகாமி அம்மாள் தம்பதிக்குப் பிறந்தவர். ஆறு வயதிலேயே அப்பா போய்விட்டார். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. மாமாவின் துணிக்கடையில் வேலை. அங்கிருந்து காங்கிரஸ். 1930 வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தில் கைதாகி, கல்கத்தா அலிப்பூர் சிறை வரை போனார். மொத்தத்தில் சுமார் 9 வருஷம் சிறையில் கழித்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

1954 ஏப்ரல் 13-ல் சென்னை மாகாண முதலமைச்சரானார். 1956-ல் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் பற்றி பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்பீர்கள். தொழிற்சாலைகள் பற்றிய பகுதி அந்த அளவு பேசப்படுவதில்லை. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையை நேரு திறந்து வைத்தது 1955 அக்டோபர் 2-ல். கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைகள், திருச்சி பெல், நெய்வேலி என்று காமராஜரும் தொழில் அமைச்சர் ஆர்.வெங்கட்ராமனும் போட்ட பாதை நீளமானது. திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் கம்பெனி வந்ததும் 1955-ல்தான். அதே கம்பெனி 2013-ல் ஒரகடத்தில் புதிய ஆலையைத் திறந்தது. ஒரகடத்தையே காமராஜர் கணக்கில் எழுதிவிட முடியாது. சிப்காட் நிறுவனம் உருவானது 1971-ல், அவர் ஆட்சி முடிந்து 8 வருஷம் கழித்து. ஆனால் கிராமத்துப் பையன் படித்துவிட்டு ஃபேக்டரி வேலைக்குப் போவான் என்ற வாழ்க்கைக்கு இந்த மாநிலத்தில் அடித்தளம் போட்ட காலம் அதுதான்.

1963 அக்டோபர் 2-ல், கட்சி வேலைக்காக முதலமைச்சர் பதவியை விட்டார். அக்டோபர் 2 அவர் வாழ்க்கையில் எப்படித் திரும்பத் திரும்ப வருகிறது பாருங்க.

இரண்டு பிரதமர்களின் மரணத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்

1964 ஜனவரியில் புவனேஸ்வர் காங்கிரஸ் மாநாடு. தலைவர் காமராஜர். அந்த மாநாட்டுக்கு வந்த இடத்தில்தான் நேருவுக்குப் பக்கவாதம் வந்தது. மே 27-ல் நேரு இறந்தார். அடுத்த பிரதமராக லால் பகதூர் சாஸ்திரியைக் கொண்டுவந்ததில் காமராஜரின் பங்கு பெரியது. சாஸ்திரி ஏற்கெனவே மாரடைப்பைச் சந்தித்தவர். பதவியேற்ற சில வாரங்களிலேயே மறுபடியும் இதயப் பாதிப்பு வந்தது. 1966 ஜனவரி 11-ல் தாஷ்கண்ட்டில் இறந்தார். அந்த மரணம் பற்றி வாட்ஸ்அப்பில் என்னென்னவோ சுற்றுகிறது. அதிகாரபூர்வமாகச் சொல்லப்பட்ட காரணம் மாரடைப்பு. மறுபடியும் புதுப் பிரதமரைத் தேர்ந்தெடுக்கும் வேலை காமராஜர் தலையில்.

ரத்தக்குழாய் நோய் ஒரு நாட்டின் அரசியலையே புரட்டிப்போடும் என்பதை அவரைவிடக் கிட்டத்தில் பார்த்தவர் அன்று யாரும் இருந்திருக்க முடியாது.

பிறகு சரிவு. 1967-ல் சொந்த ஊர் விருதுநகரிலேயே மாணவர் தலைவர் பெ.சீனிவாசனிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். 1969-ல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் ஜெயித்து எம்.பி. ஆனார். அதே வருஷம் கட்சி உடைந்தது. 1975 ஜூன் 25-ல் எமர்ஜென்சி. கூடவே போராடிய தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். அடுத்த மூன்றரை மாதத்துக்குள் அவரும் போய்விட்டார்.

மனம் உடைந்து இறந்தார் என்று சொல்லலாமா?

பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். எமர்ஜென்சி கவலைதான் அவரைக் கொன்றது என்று. கேட்க உருக்கமாக இருக்கும். மன அழுத்தத்துக்கும் மாரடைப்புக்கும் தொடர்பு இருப்பதும் உண்மை. ஆனால் ஒரு தனி மனிதரின் மாரடைப்புக்கு ஒரே ஒரு காரணத்தை ஒட்டிவிட முடியாது. அப்படி ஒட்டுவதில் ஒரு ஆபத்தும் இருக்கு. நோய் விதியாக மாறிவிடும். விதி என்றால் யாரும் எதுவும் செய்ய முடியாதே!

நடப்பது என்னவென்றால்: இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரி தமனிகளின் உள்சுவரில் கொழுப்பு படியத் தொடங்குகிறது. இது 20 வயதுகளிலேயே ஆரம்பிக்கலாம். பல வருஷம் ஒரு அறிகுறியும் தெரியாது. உயர் ரத்த அழுத்தம் அந்தச் சுவரைக் காயப்படுத்தும், சர்க்கரை நோய் அதை மோசமாக்கும், சிகரெட் இரண்டையும் வேகப்படுத்தும். ஒருநாள் அந்தப் படிவத்தின் மேல்தோல் கிழிகிறது. உடம்பு அதைக் காயம் என்று நினைத்து, அந்த இடத்தில் ரத்தத்தை உறைய வைக்கிறது. குழாய் அடைபடுகிறது. அதற்கு அப்பால் இருக்கும் தசை நிமிடத்துக்கு நிமிடம் சாகத் தொடங்குகிறது.

அந்த நேரத்தில் உடம்பு அபாய மணி அடிக்கிறது. பயந்தால் எப்படி வியர்க்குமோ, அதே நரம்பு மண்டலம் வேலை செய்து சில்லென்று வியர்க்கிறது. நெஞ்சில் பாரம் வைத்த மாதிரி அழுத்தம், இடது கை, தாடை, முதுகு அல்லது மேல் வயிற்றில் வலி, மூச்சுத் திணறல், குமட்டல் எல்லாம் வரலாம். வராமலும் போகலாம். சர்க்கரை நோயாளிகள், பெண்கள், வயதானவர்களுக்கு நெஞ்சு வலி சரியாகத் தெரியாமல் வெறும் வியர்வை, அசதி, மூச்சு வாங்குதல் மட்டுமே இருப்பதும் உண்டு. சினிமாவில் வருவது மாதிரி எல்லாரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிவதில்லை.

1975-ல் காப்பாற்றியிருக்க முடியுமா?

கஷ்டம்தான். அன்றைய மருத்துவத்தின் கையில் இருந்தது மிகக் குறைவு. அடைப்பை பலூன் வைத்துத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டியை ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் சூரிச்சில் முதன்முதலில் செய்தது 1977-ல். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை கடைக்கு வந்தது 1987-ல். ஆஸ்பிரின் எல்லா மருந்துக் கடையிலும் இருந்தது, ஆனால் தலைவலி மாத்திரையாக. மாரடைப்பு வந்தவுடன் ஆஸ்பிரின் கொடுத்தால் இறப்பு ஏறக்குறைய கால்பங்கு குறையும், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸும் சேர்த்தால் 42 சதவீதம் குறையும் என்று ஐசிஸ்-2 ஆய்வு நிரூபித்தது 1988-ல்தான். அவர் இறந்து 13 வருஷம் கழித்து.

இதில் ஒரு ஆச்சரியம். இந்தியாவின் முதல் வெற்றிகரமான பைபாஸ் அறுவை சிகிச்சையை டாக்டர் கே.எம்.செரியன் செய்தது அதே 1975-ல், அதே சென்னையில், பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில். காமராஜர் காலத்தில் ரயில் பெட்டித் தொழிற்சாலை வந்த அதே பெரம்பூர். ஆனால் பைபாஸ் என்பது திட்டமிட்டுச் செய்யும் ஆபரேஷன். சாப்பிட்டுப் படுத்தவருக்கு மதியம் திடீரென்று வரும் மாரடைப்பை அன்று அதை வைத்துச் சமாளித்திருக்க முடியாது. 108 போட்டால் ஆம்புலன்ஸ் வரும் காலமும் இல்லை. அது தமிழ்நாட்டுக்கு வந்தது 2008-ல்.

படப்பையில் இன்னைக்கு நிலைமை வேற

72 வயதில் வருவது எனக்கு எதுக்கு என்று நினைக்க வேண்டாம். 52 நாடுகளில் நடத்தி 2004-ல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு இரண்டு முக்கியமான விஷயங்களைச் சொன்னது. முதல் மாரடைப்புகளில் சுமார் 90 சதவீதத்தை 9 காரணங்களே விளக்கிவிடுகின்றன: புகை, கெட்ட கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய்கறி பழம் குறைவாகச் சாப்பிடுவது, உடற்பயிற்சி இல்லாதது, மது. இரண்டாவது, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் நடுவயது 53. மற்றவர்களுக்கு 59. நமக்கு ஆறு வருஷம் முன்கூட்டியே.

இதோடு ஷிப்ட் வேலையைச் சேர்த்துக்கோங்க. ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பகுதியில் ஒரு வாரம் பகல், ஒரு வாரம் நைட் என்று மாறிக்கொண்டே இருப்பவர்கள் ஏராளம். 20 லட்சம் பேரை உள்ளடக்கிய 34 ஆய்வுகளைத் தொகுத்து 2012-ல் வெளியான ஒரு அலசல், ஷிப்ட் வேலை செய்பவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு 23 சதவீதம் அதிகம் என்றது. ஷிப்ட்டை மாற்றுவது தொழிலாளி கையில் இல்லை. அதனால் அவர் கையில் இருப்பதைப் பார்ப்போம். நைட் ஷிப்ட் முடிந்து வரும்போது டீக்கடையில் டீயும் சிகரெட்டும், ரூமுக்குப் போய்ப் பரோட்டா, பிறகு நாலு மணி நேரத் தூக்கம். இதில் முதலில் வெட்ட வேண்டியது சிகரெட். விட்ட ஒரே வருஷத்தில், புகையால் கூடியிருந்த இதய நோய் ஆபத்து ஏறக்குறைய பாதியாகிறது. ஹான்ஸ் மாதிரி வாயில் அடக்குவதும் பாதுகாப்பு இல்லை. அடுத்து தூக்கம், ஜன்னலை இருட்டாக்கி, போனை சைலன்ட்டில் போட்டு 7 மணி நேரம். வாரம் 150 நிமிடம் வேகநடை. லைனில் எட்டு மணி நேரம் நிற்பது உடற்பயிற்சிக் கணக்கில் வராது, அது வெறும் களைப்பு.

தொப்பைக்கு டேப் போதும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 தாண்டினால் நம் ஊர்க்காரர்களுக்கு அது எச்சரிக்கை. பிபி, சுகர், கொலஸ்ட்ரால் மூன்றையும் 30 வயதில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால் அதுவரை காத்திருக்கக் கூடாது. அரசின் தொழிலாளரைத் தேடி மருத்துவம் திட்டம் 2024 முதல் ஆலைகளுக்கே வந்து பிபி, சுகர் பார்க்கிறது. உங்க கம்பெனியில் முகாம் நடந்தால் லைனை விட்டு அஞ்சு நிமிஷம் போய் கையை நீட்டிட்டு வாங்க.

இந்தப் பகுதியில் பெரிய பிரச்சினை வேறொன்று: கேஸ். நடுராத்திரி நெஞ்சு கனமாக இருக்கு, வியர்க்குது என்றால் ரூமில் இருப்பவர்கள் முதலில் கொடுப்பது சோடாவும் ஓம வாட்டரும். பாதி நேரம் அது உண்மையிலேயே கேஸாகவும் இருக்கும், அதுதான் சிக்கலே. எது எது என்று வீட்டில் இருந்து சொல்ல முடியாது; ஈசிஜி எடுத்தால்தான் தெரியும், சில நேரம் ரத்தப் பரிசோதனையும் வேணும். வியர்வையோடு சேர்ந்த நெஞ்சு அழுத்தமா, சோடாவை வைத்துவிட்டு உடனே 108-ஐ அழையுங்க. பைக்கை நீங்களே ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. வழியில் இதயத் துடிப்பு நின்றுவிட்டால், ஆம்புலன்ஸில் இருக்கும் ஷாக் கொடுக்கும் கருவி பைக்கில் இல்லை.

2023 ஜூனில் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் 14 மாத்திரைகள் தயாராக இருக்கின்றன. ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டார்வாஸ்டாட்டின் 8. மாரடைப்பு என்று தெரிந்தால் மருத்துவர் ஆலோசனைப்படி மொத்தத்தையும் ஒரே தடவையில் கொடுத்துவிட்டு, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். வயிற்றுப் புண்ணோ ரத்தக்கசிவோ இருப்பவர்களுக்கு இதே மாத்திரைகள் ஆபத்தாகலாம் என்பதால் கடையில் வாங்கி நாமே போடுவது கூடாது. குழாய் அடைத்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்கினால் காப்பாற்றப்படும் தசை மிக அதிகம். 12 மணி நேரம் கடந்த பிறகு அடைப்பைத் திறந்தாலும் பலன் சொற்பம்.

காமராஜரின் உடல் மறுநாள் கிண்டியில் காந்தி மண்டபத்துக்குப் பக்கத்தில் எரியூட்டப்பட்டது. 1976-ல் பாரத ரத்னா கிடைத்தது. அவர் குடியிருந்த திருமலைப் பிள்ளை சாலை வீடு இப்போது அரசு நினைவு இல்லம். அவர் படுத்திருந்த அறையைப் போய்ப் பார்க்கலாம்.