மதுரவாயலில் வாழ்ந்த மரபியல் அறிஞர்

பூவிருந்தவல்லியிலிருந்து நகருக்குச் செல்லும் நம் பிள்ளைகள் மதுரவாயலைக் கடந்தே செல்கின்றனர். அவ்வூரிலிருந்த சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தில், 1970 முதல் தம் இறுதிக்காலம் வரை உழைத்தவர் டாக்டர் ஈ. கே. ஜானகி அம்மாள் என்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிவர்?

அம்மையார் 1897 நவம்பர் 4 அன்று தலச்சேரியில், அந்நாளில் தாழ்த்தி வைக்கப்பட்டிருந்த தீயர் சமூகத்தில் தோன்றினார். தந்தையார் நீதித்துறையில் உயர்பதவி வகித்தவர். இல்லத்தில் நூல்கள் நிறைந்திருந்தன. ஆகவே, இதனை வறுமையை வென்ற வரலாறாக நாம் கூறவில்லை. பெண்கள் இளமையிலேயே மணமுடித்து அனுப்பப்பட்ட காலத்தில், அவர் மணவாழ்வை விடுத்துக் கல்வியைத் தேர்ந்தார். சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்றார். 1931இல் அங்கே டாக்டர் பட்டம் பெற்றார்.

1934 முதல் 1939 வரை கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பணிபுரிந்தார். கரும்பை அதன் காட்டு உறவினங்களோடும், மக்காச்சோளத்தோடும்கூடக் கலந்து, பிறந்த கன்றுகளின் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் எண்ணினார். டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் வடிவம் கண்டறியப்பட்டது 1953இல்தான் என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்க. குரோமோசோமில் அடங்கிய அவ்விழையின் எழுத்து வரிசையே எந்தப் புரதம் உருவாக வேண்டுமென்று பணிக்கிறது. உயிரணு பிரியுமுன் இழை தன்னைப் படியெடுத்துக்கொள்ளும். அப்போது எழுத்துப் பிறழ்ந்து அப்பிழை நிலைத்துவிடின், அது சடுதிமாற்றம். சில வேளைகளில் எழுத்தன்று, குரோமோசோம்களின் எண்ணிக்கையே மாறிவிடும். அம்மையார் ஆராய்ந்தது பெரிதும் இவ்வகை மாற்றத்தையே.

1939இல் மாநாடொன்றிற்காக எடின்பரோ சென்றவர், போர் மூண்டதால் இங்கிலாந்திலேயே தங்கினார். டார்லிங்டன் என்னும் அறிஞருடன் இணைந்து, பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து 1945இல் பெருநூலொன்று வெளியிட்டார். பின்னர் விஸ்லித் தோட்டத்தில், மக்னோலியா நாற்றுகளுக்குக் கொல்கிசின் என்னும் மருந்தை இட்டார். நம் செங்காந்தள் கிழங்கிலும் விதையிலும் உள்ள நச்சுப்பொருளே அது. படியெடுத்த குரோமோசோம்களை இருபுறமும் இழுத்துப் பிரிக்கும் நுண்ணிழைகளை அது குலைத்துவிடும். இரட்டித்த தொகுதி ஓர் அணுவிலேயே தங்கிவிடும். அவ்வாறான செடிகளில் இலையும் இதழும் பெரும்பாலும் தடித்து வளரும். வெண்ணிற மக்னோலியா வகையொன்று இன்றும் அம்மையார் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று 1951இல் தாயகம் திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறையைச் சீரமைக்கும் பணியில் ஈடுபட்டார். 1977இல் பத்மஸ்ரீ விருது வந்தது. எமக்கு அவ்விருதினும் பெரிதாகத் தோன்றுவது பிறிதொன்று. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டிக் காட்டை நீரில் மூழ்கடிக்க முற்பட்டபோது, எண்பதை அண்டிய அகவையிலும் அவர் எதிர்த்துக் குரல் கொடுத்தார். அக்காட்டுச் செடிகளின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்கவும் முனைந்தார். 1984 பிப்ரவரியில் மதுரவாயலில் அவர் உயிர் பிரிந்தது. அவ்வாண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.